டூயலிசம்னா என்னங்க?

"இவளுக்கு மறதி முத்திப்போச்சு டாக்டர்," என்றார் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். "நேத்து டூயலிசம்னா என்னன்னு கேட்டா. உடம்பு வேற, மனசு வேறங்கற கொள்கைன்னு அரை மணி நேரம் விளக்கினேன். இன்னைக்குக் காலையில மறுபடி அதையே கேக்கறா. டிட்டர்மினிசத்தை எத்தனை தடவை கேட்டாச்சு! காதுல வாங்கினாத்தானே?"

மனைவி கைப்பையை மடியில் வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் அவளிடம் தேதி கேட்டார், கூட்டல் கழித்தல் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது.

"சரிம்மா, அந்த டிட்டர்மினிசம்?"

"இப்ப நடக்கறதெல்லாம் முன்னாடி நடந்ததோட விளைவு, வேற மாதிரி நடந்திருக்கவே முடியாதுங்கற கருத்து டாக்டர்."

பேராசிரியர் திகைத்துப்போனார். "தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா? என்னடி விளையாட்டு இது?"

"வேற எதைக் கேட்டாலும் 'ம்'முனு முடிச்சுடறீங்க. இதைக் கேட்டாத்தான் எங்கூட உக்காந்து பேசறீங்க."

திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் கேட்கவில்லை. தானாவது அவளிடம் ஏதாவது கேட்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. காலமெல்லாம் வகுப்பில் கேள்வி கேட்டே பிழைத்தவருக்கு, அவளைப் பற்றிக் கேட்க ஒன்று கிடைப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.