கொய்யா மரச் சதுக்கம்

"ஒரு சதுக்கத்துக்குப் போய் கொய்யா மரம்னு பேரா? அங்க புல்லைத் தவிர ஒண்ணும் இல்லையே!"

டீச்சர் இவெத் கத்தியதில் சர்ச் ஹாலே அதிர்ந்தது. புதுச் சதுக்கத்துக்குப் பேர் வைக்க ஓட்டெடுப்பு. அவருக்கு ஒரு கவிஞர் பெயர் வேண்டும். இளவட்டங்களுக்குக் கால்பந்து வீரர் பெயர்.

சலூன்காரர் தோன் எலாடியோ மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்.

"கொய்யா மரம்தான்!"

எங்கள் சான் ஹோசேயில் வீட்டுக்கு நம்பர் சொல்லி யாருக்குப் பழக்கம்? 'கொய்யா மரத்திலேர்ந்து நூறு மீட்டர் தெற்கே' என்றால்தான் விலாசம். மரம் விழுந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. விலாசம் விழவில்லை. அந்தப் பேரில் மிச்சம் இருப்பது எலாடியோவின் 'கொய்யா மரம் சலூன்' போர்டு ஒன்றுதான்.

"புரியுது, புரியுது" என்றார் ஆணிக்கடை வில்பெர்த். "முனிசிபாலிட்டி செலவுல உங்க கடைக்கு விளம்பரம்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு.

எலாடியோ அசரவில்லை. "எனக்கு ஓட்டுப் போடறவங்களுக்கு முடிவெட்டு இலவசம்!"

"எனக்கு?" என்று வழுக்கையைத் தடவினார் வில்பெர்த்.

"மீசையை வழிச்சு விடறேன், வாங்க!"

இதற்கு நடுவில் ஒடிலியா அம்மாள் எழுந்து வந்து, "காபி குடிச்சீங்களா, தோன் எலாடியோ?" என்று மூணாவது தடவையாகக் கேட்டார். நூறு மீட்டர் தெற்கே, பச்சை கேட் வீட்டுக்காரர்.

"ஆச்சும்மா, ஆச்சு. உக்காருங்க."

ஓசி முடிவெட்டு ஜெயித்தது. கவிஞர் தோற்றார்.

"வெக்கங்கெட்ட மனுஷன்!" என்று டீச்சர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

சதுக்கத்தில் புதுப் பெயர்ப்பலகை வைத்த மறுவாரம், எலாடியோ ஏணியில் ஏறி சலூன் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னும் பெரிய போர்டா?" என்று வம்புக்கு இழுத்தார் வில்பெர்த். பக்கத்தில் டீச்சரும் நின்றார்.

"கடையை வித்து ரெண்டு மாசம் ஆச்சு, அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியே. இனிமே லிமோன் ஊர்ல, மக வீட்டோட."

"அடப்பாவி மனுஷா! அப்ப எதுக்கு அந்தக் குதி குதிச்சீங்க?" என்றார் வில்பெர்த்.

சதுக்கத்தோரம் ஒரு சிவப்பு டாக்ஸி வந்து நின்றது. பின்சீட்டில் ஒடிலியா அம்மாள், வீட்டுச் செருப்போடு.

"இவங்களை யாருக்காவது தெரியுமா?" என்றார் டிரைவர். இந்தப் பக்கத்துக்குப் புதுசு போல. "மார்க்கெட்ல வழி தெரியாம நின்னாங்க. தன் பேரே ஞாபகம் இல்லை. 'கொய்யா மரத்திலேர்ந்து நூறு மீட்டர் தெற்கே'ங்கிறதை மட்டும் விடாம சொல்றாங்க. நல்லவேளை, சதுக்கத்துக்கே அந்தப் பேரை வச்சிருக்கீங்க!"

டீச்சர் ஓடிப்போய் கதவைத் திறந்து அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எலாடியோ ஏணியிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு நிம்மதியாக, போர்டின் கடைசித் திருகாணியைக் கழற்றினார்.