டாஷ்போர்டில் முதல் பெயர்

மார்ச் 14, வெள்ளி.

இன்று ஒரு சிறிய தவறு. நான் அமைத்த டாஷ்போர்டின் மூலையில் 'பார்ப்பவர்கள்: 2' என்று சில நாட்களாகவே காட்டியது. பார்ப்பது நான் ஒருத்திதானே, நிரலில் எங்கோ ஒன்றைக் கூட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சரிசெய்ய நேரமில்லாமல் அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

எங்கள் ஸ்கேன் சென்டரில் நெட் மெதுவாகிப் படங்கள் போகாமல் நோயாளிகள் காத்துக்கிடக்கிறார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று டாக்டரம்மாவிடம் வத்தி வைத்தவர் சூப்பர்வைசர்.

"அந்தப் பொண்ணு எந்நேரமும் வீடியோதான் மேடம் பாக்குது. இதுல சாயங்கால வகுப்புக்கு அரை மணி முன்னாடி வேற விடணுமாம்!"

அந்த அரை மணி போனால் என் நெட்வொர்க்கிங் படிப்பும் போய்விடும்.

வீடியோ பார்ப்பதே அவர்தான். மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சிரிக்கிற சிரிப்பு ரிசப்ஷன் வரை கேட்கும். எல்லோர் முன்னாலும் அவர் மானத்தை வாங்கிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

வகுப்பில் படித்ததை வைத்து ரூட்டரிலேயே இந்த டாஷ்போர்டுப் பக்கத்தை அமைத்தேன். எந்தக் கணினி, எந்த போன், எவ்வளவு நெட் இழுத்தது என்று அது காட்டும். அதிகம் இழுத்தவர் பெயர் முதல் வரியில், சிவப்பில். ஒவ்வொரு கருவிக்கும் பெயர் கொடுத்துவிட்டு மூன்று முறை சரிபார்த்தேன். அமைத்து ஒன்பது நாளாகிறது; ஒன்பது நாளும் அவர் பெயர்தான் முதலில். இன்று நான்கு மணிக்கும் பார்த்தேன், அவர்தான்.

நாலரைக்குக் கூட்டம்.

"இதை நம்பலாமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரூட்டர் சொல்றதுதான் மேடம். இதுல யாரும் கை வைக்க முடியாது."

"போடச் சொல்லுங்க மேடம். யார் லட்சணம் என்னன்னு தெரியட்டும்," என்று சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவர் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தினேன்.

முகம் வெளிறவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினேன். முதல் வரியில், சிவப்பில், என் பெயர். அவர் பெயர் கடைசியில்.

"மேடம், யாரோ பேரை மாத்தியிருக்காங்க! நாலு மணிக்குக்கூட..."

"யாரும் கை வைக்க முடியாதுன்னு இப்பத்தானேம்மா சொன்ன? திங்கக்கிழமையிலேர்ந்து நீயும் ஆறு மணிக்குத்தான் கிளம்பணும்."

எல்லோரும் எழுந்து போன பிறகு சூப்பர்வைசர் என் பக்கம் குனிந்தார்.

"தினமும் திறந்து பாத்தேன் பாப்பா. ரொம்ப அழகா பண்ணியிருக்க. ஆனா ரூட்டருக்கு அடியில கம்பெனிக்காரன் பாஸ்வேர்டை ஒட்டியே வெச்சிருக்கான். அதை மாத்தணும்னு உங்க வகுப்புல சொல்லித் தரலையா?"

முதல் நாளே சொல்லித் தந்தார்கள். மற்றதையெல்லாம் மூன்று முறை சரிபார்த்தவள், அதை ஒரு முறைகூட நினைக்கவில்லை.

கழிவறையில் ஐந்து நிமிடம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ரூட்டருக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவைத் திறந்தேன். நுழைந்த ஒவ்வொரு கருவியின் எண்ணும், நாளும், நேரமும் வரிசையாக இருந்தன. இன்று நான்கு பதினேழுக்கு நுழைந்தது என் கணினி அல்ல. டாஷ்போர்டில் பெயரை யாரும் மாற்றிவிடலாம். இந்த எண் தொழிற்சாலையிலேயே கணினிக்குக் கொடுக்கப்படுவது. மனிதர் அவசரத்தில் இதை அழிக்க மறந்துவிட்டார். அல்லது அவருக்கு இது தெரியவே தெரியாது. அவர்தான் எந்த வகுப்புக்கும் போனதில்லையே.

இரண்டு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாளைக்கு: சூப்பர்வைசர் வருவதற்கு முன், எட்டரைக்குள் போய், அவர் கணினிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து, இந்தப் பதிவோடு சேர்த்து டாக்டரம்மாவின் மேசையில் வைக்க வேண்டும்.