இன்னொரு என்டர்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் ஜெயப்பிரகாஷும் தேவநாதனும் தாங்கள் எழுதிய சின்ன வெப் சர்வரை ஓடவிட்டார்கள். தேர்வாளர் வரும் நேரம். அது ஓடினால்தான் டிகிரி.

சர்வர் அசையவில்லை. ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து யாரோ அனுப்பிய கோரிக்கையைப் பாதி வாசித்துவிட்டு மீதிக்குக் காத்திருந்தது. கடைசியில் ஒரு வெற்று வரி வந்து சேரும்வரை அது அடுத்தவரைத் திரும்பிப் பார்க்காது.

"கதிரவன் பண்ற வேலை மாதிரியே இருக்கு மச்சான்" என்றான் தேவநாதன்.

கதிரவன் அவர்களின் மூன்றாவது கூட்டாளி. கோரிக்கையைக் கையால் தட்டிச் சோதிப்பது அவன் வேலை. அந்த வெற்று வரி போக முடிவில் இரண்டு முறை என்டர் தட்ட வேண்டும்; அவன் எப்போதும் ஒன்றோடு நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பான். இருவரும் கத்துவார்கள். போன மாதம் சேத்தியாத்தோப்பு சாலையில் லாரி மோதி இறந்துபோனான்.

ஜெயப்பிரகாஷ் கோரிக்கை வந்த முகவரியைப் பார்த்தான். மூலையில் இருக்கும் கதிரவனின் கம்ப்யூட்டர்.

"எவன்டா அங்க உக்காந்து நோண்டுறான்? போய்ப் பாரு."

தேவநாதன் போனான். நாற்காலி காலி. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. நெட்வொர்க் ஒயர் கழன்று தரையில் கிடந்தது. அதைக் கையில் எடுத்தான்.

அவன் அங்கேயே நிற்க, ஜெயப்பிரகாஷ் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். அதே முகவரி, அதே காத்திருப்பு.

வராந்தாவில் தேர்வாளரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. பதற்றத்தில், பழைய பழக்கத்தில், ஜெயப்பிரகாஷ் மூலையைப் பார்த்துக் கத்திவிட்டான்: "டேய் மச்சான், இன்னொரு என்டர் அடிச்சுத் தொலடா!"

தேவநாதனின் கண்ணெதிரே என்டர் கீ மெல்ல அமுங்கி, டக்கென்று எழும்பியது.

சர்வர் பதில் அனுப்பியது. ஒயரின் முனை இன்னும் தேவநாதன் கையில்தான் இருந்தது.