சொதிக்கு என்ன விலை?

ஒரு பண்டத்தின் விலை அதைச் செய்தவரின் உழைப்பில் இருக்கிறதா, வாங்குகிறவரின் ஆசையில் இருக்கிறதா என்று பொருளியல் மேதைகள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டினார்கள். ஆசையில்தான் என்று கல்லூரியில் காலமெல்லாம் அடித்துச் சொன்னவர் பேராசிரியர் நெல்லையப்பன். கடைசியில் ஓட்டல் மேஜைகளில் முகம் பார்க்கும் கருவி வந்து அவர் கட்சியை ஜெயிக்க வைத்தது. சாப்பிடுகிறவர் முகம் எவ்வளவு மலர்கிறதோ, பில் அவ்வளவு ஏறும்.

முதல் மாதமே பேராசிரியருக்குக் கையைக் கடித்தது. அப்புறம் தேறிவிட்டார். நெய் ரோஸ்டை இழவு வீட்டு முகத்தோடு தின்னப் பழகினார். திருநெல்வேலியில் எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் எல்லா மேஜையிலும் இப்போது அந்த முகம்தான்.

கல்யாண நாளன்று அவர் மனைவி உலகம்மை வீட்டிலேயே சொதி வைத்தாள். தேங்காய் துருவி, மூன்று தரம் பால் பிழிந்து, காலையிலிருந்து அடுப்படியே கதியென்று கிடந்தாள். நெல்லையப்பன் ஒரு வாய் வைத்தார். நாக்கில் தேவாமிர்தம். முகம் மட்டும் பழக்கதோஷத்தில் இழவு வீட்டுக்குப் போய்விட்டது.

"ஏன், நல்லா இல்லையா?"

"பிரமாதம், உலகு" என்றார், அதே முகத்தோடு. சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. "ஆசை உள்ள இருக்கு, நம்பு."

உலகம்மை கரண்டியை அவர் கையில் திணித்தாள்.

"நாளைக்கு நீங்க சொதி வைங்க. நான் இதே மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காந்து சாப்பிடுதேன். அப்புறம் சொல்லுங்க, விலை எதுல இருக்குன்னு."