நூலக வரிக்கு ஒரு பேரம்

"பலகையைப் பிடுங்கணுமா? பிடுங்கலாமே. பதிலுக்கு நீ என்ன தருவே, அதை முதல்ல சொல்லு."

வென்டெல் ஹாக் நாற்காலியில் சாய்ந்து கால்களைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொண்டார். ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் பழைய கார் வாங்கிய அத்தனை பேரும் அந்தக் கால்களுக்கு எதிரே உட்கார்ந்து, வியர்த்து, எழுந்து போனவர்கள்தான்.

இன்று உட்கார்ந்திருந்தவள் கார் வாங்க வரவில்லை. அவள் நாடின் ப்ரூவர், ஊர் நூலகத்தின் தலைமை நூலகர். வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி தொடரலாமா கூடாதா என்று மறுநாள் ஊரே ஓட்டுப் போடப்போகிறது. 'வேண்டாம்' ஜெயித்தால் வருஷக் கடைசியில் நூலகத்துக்குப் பூட்டு.

வென்டெலின் கடை முன்னால், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, 'நூலக வரி வேண்டாம்' என்று ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. அது குட்டி போட்டது மாதிரி ஊரில் பாதிப் புல்வெளிகளில் சின்னச் சின்னப் பலகைகள் முளைத்துவிட்டன.

"சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கேன், வென்டெல். வேலை நேரத்துல ஓட்டைப் பத்தி நாங்க வாயே திறக்கக் கூடாது. என்ன செஞ்சா எடுப்பீங்க? சுருக்கமாச் சொல்லிடுங்க."

"அடடா, வாங்க வந்தவ விலையை என்னையே சொல்லச் சொல்றா!" அவர் உற்சாகமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சரி, ஞாயித்துக்கிழமை எதுக்குத் திறந்து வெச்சிருக்கே? கடவுளே லீவு போட்ட நாள். மூடு."

"தொழிற்சாலை மூடினதுலேர்ந்து, வீட்டுல இன்டர்நெட் இல்லாதவங்க வேலைக்கு மனுப் போட வர்றதே அன்னிக்குத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "சரி. மூடிடறேன்."

வென்டெலின் புருவம் உயர்ந்தது.

"அப்புறம் இந்தப் பயிற்சிக் கூத்து. உன் ஆளுங்க கொலம்பஸுக்குப் போய் ஹோட்டல்ல தங்கி அப்படி என்னத்தைக் கத்துக்கறாங்க? புத்தகம் அடுக்கறதுக்கு என்னம்மா பயிற்சி? கார் விக்கறதுக்கு நான் பள்ளிக்கூடமா போனேன்?"

"போன குளிர்காலத்துல போதை மருந்து அதிகமாகி வாசிப்பறையில ஒருத்தன் நீலம் பாரிச்சு விழுந்தானே, ஞாபகம் இருக்கா? மூக்குல மருந்தடிச்சு அவனை எழுப்பினது எங்க டாரா. பயிற்சியில கத்துக்கிட்டது. விழுந்தவன் உங்க மெக்கானிக்."

"நல்லாத்தான் பேசறே. ஆனா வரி கட்டறவனுக்கு இதெல்லாம் காதுல ஏறாது."

"சரி. பயிற்சியும் வேண்டாம்."

மேசையிலிருந்து கால்கள் இறங்கின. கேட்டது இரண்டும் கிடைத்த மனிதரின் முகத்தில் ஏனோ சந்தோஷம் இல்லை. கைநழுவும் தூண்டிலைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"என்னம்மா நீ, எதைக் கேட்டாலும் தலையாட்டறே? அப்போ பெரிசாவே கேக்கறேன். ஊர்ல எல்லாருக்கும் கண்ணு உன் சம்பளத்து மேலதான். நீ ராஜினாமா பண்ணு. பலகையைப் பிடுங்கிட்டு அதே குழியில 'வேண்டும்'னு எழுதி நானே நடறேன்."

"என் வேலையோட வர்ற காப்பீட்டுலதான் வென்டெல், என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்குது."

"ஆங்!" அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இப்பத்தான் வாயைத் திறக்கறே. சொல்லு, சொல்லு. மேல பேசு."

அவள் கண்ணாடிக்கு வெளியே, வரிசையாக நின்ற கார்களுக்கு அப்பால், அந்தப் பலகையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு தோத்தா எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் வேலை இருக்காது. நான் போனா நான் மட்டும்தான்," என்று தனக்கே சொல்லிக்கொண்டவள், கைப்பையிலிருந்து போனை எடுத்து நூலகக் குழுத் தலைவரைக் கூப்பிட்டாள். வென்டெல் எதையோ சொல்லக் கையைத் தூக்குவதற்குள் விஷயத்தைச் சொல்லியும் முடித்துவிட்டாள்.

எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பெரிய மனசு, நாடின்! ரொம்பப் பெரிய மனசு! இது போதும், ஜெயிச்சுடலாம். இப்பவே வானொலிக்காரங்ககிட்ட சொல்லிடறேன், மத்தியானச் செய்தியில வந்துடும்."

ஒருமுறைகூட 'யோசித்தாயா?' என்று அந்தக் குரல் கேட்கவில்லை.

நாடின் எழுந்தாள். "இன்னிக்கே எடுத்துடுங்க, வென்டெல். இருட்டறதுக்குள்ள." பிடி கிடைக்காமல் கதவைத் தடவித் திறந்துகொண்டு வெளியே போனாள்.

சாண்ட்விச் பொட்டலத்தோடு உள்ளே வந்த வென்டெலின் அக்கா ஜூடித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டா, நாடின் ஏன் பேயறைஞ்ச மாதிரி போறா? கூப்பிட்டேன், காதுலயே விழலை."

வென்டெல் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"அடப் பாவி!" ஜூடித்தின் கையிலிருந்த பொட்டலம் மேசையில் விழுந்தது. "போன வாரமே இந்த மேசையில உக்காந்து, தபால் ஓட்டுல ரெண்டு பேரும் 'வேண்டும்'னுதானேடா குறிச்சு அனுப்பினோம்?"

"பேரம் பேச யாராவது வருவாங்கன்னுதான் பலகையையே நட்டேன். நான் சொன்னது ஆரம்ப விலைதான், அக்கா," என்றார் வென்டெல், காலி நாற்காலியைப் பார்த்தபடி. "அவ குறைச்சுக் கேப்பா, இன்னும் குறைச்சுக் கேப்பா, கடைசியில சும்மாவே கொடுத்துடலாம்னு இருந்தேன்."