கேட்கக் கூடாத அனுமதி

"கேட்டுட்டியா? போயும் போயும் அவங்ககிட்டயே போய் அனுமதி கேட்டுட்டியா?"

நான் போட்ட சத்தத்தில் சிகுசாவின் கையிலிருந்த பசை டப்பா கீழே விழுந்தது.

"நான் கேக்கலைங்க, ஹதானோ சான். சத்தியமா கேக்கல."

எங்கள் டைரக்டர் ஷிகெமாட்சு கையில் கடிதத்தோடு நின்றிருந்தார். டோக்கியோவிலிருந்து, தொடரைத் தயாரித்த கம்பெனியின் சட்டப் பிரிவு அனுப்பியது. 'மினாசே விண்கலம்' தொடரின் உரிமை எங்களுடையது, அதை வைத்து நீங்கள் எடுத்த படத்தை எங்கேயும் காட்டக் கூடாது, எடுத்ததையெல்லாம் எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் இதை வாசித்துக் காட்டியதும்தான் நான் கத்தினேன்.

ஆறு வருஷம்! என் லேத் பட்டறை மாடியில் தகரத்தை வெட்டி விண்கலத்தின் உட்புறத்தைக் கட்டி, லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தோம். சின்ன வயசில் உயிரையே வைத்திருந்த தொடரை டிவிக்காரன் பாதியில் நிறுத்தினான். அதற்கு ஒரு முடிவு எடுத்துக் காட்டணும் என்பதுதான் எங்கள் ஐந்து பேரின் ஆசை. இந்த ஞாயிறு முதல் காட்சி. ஒசாகாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இருநூறு ரசிகர்கள் வருகிறார்கள். இன்றைக்கு வியாழன்!

ரசிகர் படம் எடுக்கிறவர்களுக்கு இங்கே ஒரே ஒரு விதிதான். கம்பெனியிடம் அனுமதி கேட்கக் கூடாது. கேட்காத வரைக்கும் அவர்களும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். கேட்டால் போச்சு. 'சரி' என்று ஒருத்தனுக்கு எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து வாசலில் நிற்குமே, அதனால் 'முடியாது' என்றுதான் எழுதியாக வேண்டும்.

சிகுசா வார்டு ஆபீஸில் வேலை பார்க்கிறவள். எதற்கெடுத்தாலும் படிவம் நிரப்பியே பழகின பெண். "ஒரு தடவை முறையா கேட்டுட்டா மனசு நிம்மதியா இருக்குமே" என்று போன வருஷம் அவள் சொன்னதை எல்லாருமே கேட்டோம்.

"நீ இல்லேன்னா வேற யாரு? நானா எழுதினேன்? இந்தத் தகர டப்பா எழுதிச்சா?" என்றேன்.

"விடு ஹதானோ." டைரக்டர் கடிதத்தின் முதல் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சிடுச்சு. நான் மன்னிச்சிட்டேன்."

எப்பேர்ப்பட்ட மனுஷன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?" என்றாள் சிகுசா.

"வாய் வேறயா? மாடிச் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு" என்றேன்.

சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். மூன்று வருஷமாக உட்கார்ந்து அவளே செய்த விண்கலப் பொம்மையை ஒரு தடவை பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

டைரக்டர் ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசப் போவதை அங்கேயே சொல்லிப் பார்த்தார். "பணபலம் நம்ம கனவைக் கொன்னுடுச்சு, நண்பர்களே!" எல்லாரும் மூக்கை உறிஞ்சினோம்.

"டைரக்டரே, குடுக்கிறதுக்கு முன்னாடி நாங்களாவது ஒரு தடவை முழுசா பாத்துடறோமே?" என்று கேட்டேன்.

வெளியே விட்ட மூன்று நிமிஷ முன்னோட்டம்தான் எங்களுக்கும் தெரியும். எடிட்டிங் எல்லாம் அவர் வீட்டில். 'ஞாயித்துக்கிழமை பாருங்க, மிரண்டுடுவீங்க' என்றே இத்தனை நாள் ஓட்டியிருந்தார்.

"வேணாம்ப்பா. மனசு தாங்காது. நான் இன்னிக்கே பார்சல் போட்டுடறேன்."

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் நானே கம்பெனிக்குப் போன் போட்டேன். சட்டப் பிரிவில் கனேஷிரோ என்று ஒரு அம்மா எடுத்தார். பொரிந்து தள்ளிவிட்டேன்.

"ஒரு பொண்ணு வெவரம் தெரியாம எழுதிட்டா, ஆறு வருஷ உழைப்பைக் குப்பையில போட்டுடுவீங்களா? நீங்கல்லாம் மனுஷங்களா?"

"எந்தப் பொண்ணுங்க?"

"எங்க சிகுசா. விண்கலப் பொம்மை செஞ்ச பொண்ணு."

"அய்யோ, அதைச் செஞ்சது ஒரு பொண்ணா! அதோட போட்டோவைத்தான் என் மேஜையில ஒட்டி வெச்சிருக்கேன். உங்க முன்னோட்டத்தை எங்க செக்ஷனே உக்காந்து பாத்துச்சுங்க. மூணு வருஷமா தெரியும். தெரியாத மாதிரியே இருந்தோம்."

"அப்புறம் எதுக்கு இப்படி..."

"எழுத்துல கேட்டா எழுத்துலதானே பதில் சொல்லியாகணும்? உங்க கடிதத்தைப் பாத்ததும் எனக்கே பகீர்னு ஆயிடுச்சு. நானே ரெண்டு தடவை போன் பண்ணி, 'இது எங்க கைக்கு வரவே இல்லைன்னு வெச்சுக்கலாமா'ன்னு கேட்டேன். ஷிகெமாட்சு சான்தான் ஒத்துக்கல."

"யா... யாரு?"

"கையெழுத்துப் போட்டது அவர்தானே? 'அனுமதி கோரித் தாங்கள் எழுதிய கடிதத்துக்கு'ன்னு எங்க பதில்ல முதல் வரியே இருக்கே. நீங்க படிக்கலையா?"

முதல் தாள்! அதைத்தானே அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்! சட்டைப் பையில் சிகுசாவின் சாவி குத்தியது. அவளை விரட்டினதும் இந்த வாய்தானே, பாவி நான்!

"மறுப்பு எழுத்துல வேணும், முத்திரையோட வேணும்னு பிடிவாதமா நின்னாரு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி கண்டிப்பா வந்து சேரணும்னு வேற நாலு தடவை சொன்னாரு" என்ற அந்த அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏங்க, நீங்க படத்தை இன்னும் முடிக்கவே இல்லையா?"