மாடியில் ஓர் ஆராய்ச்சி

"கருவாடு காயப் போட்டவன்கூட இத்தனை தடவை மாடி ஏற மாட்டான்டீ!"

படியேறிக்கொண்டிருந்த தங்கை புருஷன் இஃப்திகார் காதில் விழட்டும் என்றேதான் மலிகா உரக்கச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிலில் கிடந்த தங்கை ஹபீபா லேசாகச் சிரித்தாள். "ஆராய்ச்சி லாத்தா. வெயில்லதான் நடக்கணுமாம்."

இஃப்திகார் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய புறஊதா விளக்கு வாங்கக் கல்லூரிக்கு வசதியில்லை. பெரியபட்டினத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று, புதினா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த திரவத்தைக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்திருந்தார்.

"வெயில்ல வச்சா என்ன ஆகுமாம்?"

"அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வளையம் இருக்காம். வெளிச்சம் பட்டா வளையத்துக்குக் குறுக்க ஒரு பாலம் கட்டிக்குமாம். அப்படிப்பட்ட வளையத்த வச்சு மருந்து செஞ்சா, ஒடம்புல சீக்கிரம் சிதையாம நின்னு வேலை செய்யுமாம்."

"பாம்பன் பாலத்தக் கட்டவே எத்தனை வருசம் ஆச்சு! இவரு கட்டி முடிக்கிற வரைக்கும் நீ..."

மலிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதுரையில் டாக்டர்கள் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். அது ஹபீபாவுக்கும் தெரியும்.

"பக்கத்துல ஒக்காந்து கையப் புடிச்சிக்கிட்டு இருக்க வேண்டிய மனுசன் பாட்டிலுக்குக் காவல் இருக்காரு! நாளைக்கே ஒன்ன எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அத அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வாரேன்."

"வேணாம் லாத்தா, அங்கன போகாத."

மலிகா அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

இறங்கி வரும்போது அந்த வேகம் இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"பாட்டில்ல வெறும் தண்ணிதானே, லாத்தா?"

மலிகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்கு எப்படிடீ தெரியும்?"

"முன்னெல்லாம் எறங்கி வந்தா அவரு கையில புதினா வாடை அடிக்கும். மதுரையிலேருந்து வந்த பொறகு அடிக்கிறதில்ல."

"தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒக்காந்து, வாயில துண்ட அடைச்சுக்கிட்டு..." மலிகா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா பேசு லாத்தா, அவரு காதுல விழுந்துறப் போகுது. என் முன்னால அழ மாட்டாரு. அதான், வெயில் நகந்துருச்சு, பாட்டில நகத்தி வச்சிட்டு வாங்கன்னு நாந்தான் அடிக்கடி மேல அனுப்பி வைக்கிறேன்."